புதிய ஜேர்சியும் பழைய பெயரும்

உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கடந்த மாதம் மாங்குளம் சென்று இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. புகையிரதத்தில் வந்து இறங்கினேன். 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2013 செப்ரெம்பரில்தான் மீண்டும் இவ்வழியால் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியது. இருபத்து மூன்று ஆண்டுகள் தண்டவாளமே இல்லாதிருந்த ஊரில், இன்று கடவைக் காப்பாளரோடு சண்டை பிடிக்கும் மோட்டார் சைக்கிள்காரரைப் பார்க்கையில் ஒருவிதத்தில் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

மாலையில் சந்திக்கு நடந்தேன். ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கமாகவும் மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கமாகவும் வீதிகள் பிரியும் இடம் அது. தேநீர்க்கடையொன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் குரல் உயர்த்தி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அரசியல் என்று நினைத்தேன். இல்லை, உதைபந்தாட்டம். பக்கத்துக் கிராமமொன்றின் கழகம், வேறோர் ஊரின் ஆட்டக்காரன் ஒருவனைத் தன் அணியில் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் பிரச்சினை.

அந்த இளைஞனின் பெயரையோ கழகங்களின் பெயர்களையோ நான் எழுதப்போவதில்லை. சில விபரங்களை வேண்டுமென்றே மறைத்திருக்கிறேன். தேவையானது இவ்வளவுதான். வயது இருபத்து மூன்று. 2009இல் தாய் தந்தையரை இழந்து சிறுவர் இல்லமொன்றில் வளர்ந்தவன். இடதுகால் ஆட்டக்காரன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரத்தால் ஓடத் தொடங்கினால் எதிரணிக்காரரின் ஆதரவாளர்களும் எழுந்து நிற்பார்களாம். ஆனால் ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு எங்கே இருப்பான் என்று எவருக்கும் தெரியாது. கசிப்பு. இரண்டு முறை இறுதிப்போட்டிக்கே வரவில்லை. மூன்றாம் முறை வந்தான். வந்தவன் மத்தியஸ்தரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி விழுத்தினான். ஓராண்டுத் தடை. தடை முடிந்து வந்தபோது பழைய கழகம் கதவைச் சாத்திவிட்டது.

புதிய கழகத்தின் செயலாளர் அவனை எடுக்கத்தான் வேண்டும் என்கிறார். காரணத்தையும் ஒளிக்கவில்லை. "அவன் வந்தால் இந்த வருசக் கிண்ணம் எங்களுக்குத்தான் அண்ணை." எதிர்த்தவர் கழகத்தின் மூத்த உறுப்பினர், முன்னாள் பின்கள வீரர். "பதினாறு வயசுப் பெடியளும் எங்களிட்டை விளையாடுறாங்கள். இவனிட்டை அவங்கள் பந்தை மட்டுமோ பழகுவாங்கள்?" என்று கேட்டார். நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லிவிட, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்று நான் பிடிகொடுக்காமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவர்களுடைய வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனதில் வந்து நின்றவர் அயர்லாந்தின் போல் மக்ராத். மரடோனாவையும் கன்ரனாவையும் தெரிந்த அளவுக்கு எங்கள் இளைஞர்களுக்கு இவரைத் தெரியாது. பின்கள வீரர்களின் விதி அது.

மக்ராத் 1959இல் இலண்டனில் பிறந்தவர். தாய் அயர்லாந்துக்காரி, தந்தை நைஜீரியர். திருமணமாகாமல் பிறந்த பிள்ளை என்பதால், அன்றைய அயர்லாந்துச் சமூகத்துக்கும் தன் தகப்பனாருக்கும் பயந்த அந்தத் தாய், குழந்தையைச் சில வாரங்களிலேயே வளர்ப்புக்குக் கொடுத்துவிட்டார். டப்ளின் பகுதியில் வளர்ப்பு வீட்டிலும் பின்னர் அநாதை இல்லங்களிலும் வளர்ந்தார். வெள்ளைத் தோல்கொண்ட நாட்டில் கறுத்தப் பிள்ளை. வீடு இல்லாத பிள்ளை. உள்ளூர்க் கழகங்களில் ஆடி, 1982இல் 30,000 பவுணுக்கு மன்செஸ்ரர் யுனைற்றட்டுக்குப் போனார். 1985இல் பத்துப் பேருடன் ஆடி எவேர்ட்டனை வென்று எப்.ஏ. கிண்ணத்தைப் பெற்ற அணியில் அவரும் இருந்தார். காற்பந்து தெரிந்தவர்கள் அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: ஓடமாட்டார், ஆனால் பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பார்.

குடியும் கூடவே வளர்ந்தது. முழங்கால்கள் இரண்டும் பழுதாகின. வாழ்நாளில் எட்டு முறை சத்திரசிகிச்சை. 1986 இறுதியில் முகாமையாளராக வந்த அலெக்ஸ் பெர்குசன் கழகத்தின் குடிப்பழக்கத்தை ஒழிக்க முடிவெடுத்தபோது, மக்ராத் அவருடைய பட்டியலில் முன்வரிசையில் இருந்தார். ஒரு கட்டத்தில், ஒரு இலட்சம் பவுண் தருகிறோம், ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்றுவிடு என்ற யோசனை அவர்முன் வைக்கப்பட்டது. வயது அப்போது முப்பதைத் தொடவில்லை. அவர் மறுத்தார். 1989இல் அஸ்ரன் வில்லா அவரை ஏறத்தாழ நான்கு இலட்சம் பவுணுக்கு வாங்கியது.

பெர்குசன் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஓர் அணியைக் கட்ட வந்தவர், இரண்டு வருடங்களுக்கு மேல் பொறுத்துப் பார்த்தார். அந்த வீட்டில் திருந்தாத பிள்ளை வேறு வீட்டில் திருந்தலாம் என்பதும் நாம் அறியாததல்ல. ஒருவனுடைய பெயர் ஓரிடத்தில் கெட்டுப்போனால், அங்கே அவன் நேராக நடந்தாலும் தள்ளாடுகிறான் என்றுதான் சொல்வார்கள்.

வில்லாவில் என்ன நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1988-89 பருவகாலத்தில் 17ஆம் இடத்தில் முடித்த அணி, மக்ராத் வந்த முதலாவது பருவகாலத்தில் கிரஹம் ரெயிலரின் கீழ் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 1992-93இல், பிரீமியர் லீக்கின் முதலாவது ஆண்டிலும் இரண்டாம் இடம். அந்த ஆண்டின் சிறந்த வீரராகச் சக வீரர்கள் மக்ராத்தையே வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள். 1994இல் லீக் கிண்ண இறுதிப்போட்டியில் வில்லா 3-1 என்று வென்ற அணி எது என்றால், மன்செஸ்ரர் யுனைற்றட். அதே ஆண்டு யூன் 18ஆம் திகதி, அமெரிக்காவில் நடந்த உலகக்கிண்ணத்தில் அயர்லாந்து இத்தாலியை 1-0 என்று வீழ்த்திய ஆட்டம். ரொபேர்ட்டோ பஜ்ஜியோவை அன்று பெட்டிக்குள் நுழையவிடாமல் தடுத்து நின்ற முப்பத்து நான்கு வயது மனிதரை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். வில்லா இரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் "கடவுள்".

இந்த மனிதர் வில்லாவில் கிழமை நாட்களில் பயிற்சியே செய்யவில்லை என்றால் நம்புவீர்களா? முழங்கால் தாங்காது என்று கழகம் அவரை மைதானப் பயிற்சியிலிருந்து பெரும்பாலும் விலக்கி வைத்தது. மற்றவர்கள் ஓட, இவர் சைக்கிள் இயந்திரத்தில் காலை அசைத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை வந்து ஆடுவார். அணியின் உடற்சிகிச்சையாளர் ஜிம் வோக்கர் அவருடைய முழங்காலை மட்டுமல்ல, அவரையே கவனித்துக்கொண்டார். அயர்லாந்து அணியில் அதே வேலையை முகாமையாளர் ஜக் சார்ள்ரன் செய்தார். ஆனாலும் மக்ராத் தவறினார். 1990இல் துருக்கியுடனான ஆட்டத்தன்று டப்ளினில் அணியின் பஸ்ஸைவிட்டு இறங்க இயலாத நிலையில் அவர் இருந்தார் என்பது பின்னர் எல்லோரும் அறிந்த கதை. சார்ள்ரன் அவரை அத்தோடு தலைமுழுகிவிடவில்லை. அயர்லாந்துக்காக மொத்தம் 83 ஆட்டங்கள்.

நான் இதைத் தேவதைக் கதையாக்க விரும்பவில்லை. ஓய்வு பெற்ற பின்னரும் மது அவரை விட்டுப் போகவில்லை. 2006இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எதையும் பூசி மெழுகவில்லை. அநாதை இல்லத்துப் பயம் ஒருநாளும் தன்னை விட்டு அகலவில்லை என்பதை அந்த நூலின் பக்கங்களுக்கூடாக உணரலாம். வில்லா அவரைக் குணப்படுத்தவில்லை. ஏழு பருவகாலங்கள் அவரை ஆடவைத்தது. அதுவே பெரிய காரியம்.

இங்கே செயலாளர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிண்ணத்துக்காக எடுப்பது வேறு, ஆளுக்காக எடுப்பது வேறு. ஜோர்ஜ் பெஸ்ற் எத்தனை கழகங்களில் "மறுவாய்ப்பு" பெற்றார் என்று எண்ணிப் பாருங்கள். 1979இல் ஸ்கொட்லாந்தின் ஹிபேர்னியன் கழகம் அவரை ஆட்டத்துக்கு 2,000 பவுண் என்று எடுத்தது. மைதானம் நிறைந்தது. குடித்துவிட்டு ஆட்டத்துக்கு வராமல் விட்டார், நீக்கினார்கள், சனம் குறையுமே என்று மீண்டும் கூப்பிட்டார்கள். 1980இல் கழகம் தரமிறக்கப்பட்டது. பெஸ்ற்றுக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. அவருடைய பெயரை வாடகைக்கு எடுத்தார்கள், அவ்வளவே. 2005 நவம்பரில் 59 வயதில் அவர் இறந்தபோது பெல்பாஸ்ற் வீதிகளில் ஒரு இலட்சம் பேர் கூடி நின்றார்கள் என்று எழுதினார்கள். உயிரோடிருக்கையில் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோக ஒருவர் போதுமாயிருந்திருக்கும்.

மூத்த உறுப்பினரின் கேள்வி இதைவிடக் கடினமானது. அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பத்துக் கோல் போடுபவன் மத்தியஸ்தரைத் தள்ளினால் மறுவாய்ப்பு. பதிலாளாக உட்கார்ந்திருக்கும் பெடியன் அதையே செய்தால் வீட்டுக்குப் போ. இது நீதியா? இல்லை. திறமைக்குச் சலுகை கொடுக்கும் பழக்கம் எங்கள் பாடசாலைகளிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அதற்குப் பரிகாரம் திறமையானவனையும் கலைத்துவிடுவது அல்ல. பதிலாளுக்கும் அதே கதவைத் திறந்து வைப்பதுதான்.

எரிக் கன்ரனாவின் விடயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1991 டிசெம்பரில் பிரான்சில் மத்தியஸ்தர்மீது பந்தை எறிந்து, விசாரணைக் குழுவினர் ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேரே மடையன் என்று ஏசி, ஆட்டத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தவர். இங்கிலாந்துக்கு வந்து லீட்ஸ் அணியிலும் பின் மன்செஸ்ரர் யுனைற்றட்டிலும் சம்பியன் ஆனார். 1995 ஜனவரி 25ஆம் திகதி, தன்னை ஏசிய பார்வையாளர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார். செப்ரெம்பர் இறுதி வரை தடை. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரச் சிறை என்றது. மேன்முறையீட்டில் அது 120 மணித்தியாலச் சமூகசேவை ஆயிற்று. அந்த மணித்தியாலங்களில் அவர் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கினார். மனம் வெறுத்துப் பாரிசுக்குப் போனவரைப் பெர்குசன் தானே தேடிப்போய்ப் பேசி அழைத்து வந்தார். மக்ராத்தை வெளியேற்றிய அதே பெர்குசன்தான். மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள் போலும். 1996இல் அந்த அணி லீக், எப்.ஏ. கிண்ணம் இரண்டையும் வென்றது.

இதை வாசித்துவிட்டு, எங்கள் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே 2023 ஜனவரியில் பீபா இடைநிறுத்தி, ஓகஸ்ற்றில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தவர்களுக்கு ஏழு மாதத்தில் மறுவாய்ப்புக் கிடைக்கும் நாட்டில், சிறுவர் இல்லத்துப் பிள்ளைக்கு ஓராண்டுத் தடை முடிந்த பின்னும் கதவு திறக்கக்கூடாதா?

இனி, எழுதத் தயங்கியதை எழுதுகிறேன்.

1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில், பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிய நாட்களில், நான் பல்கலைக்கழகத்தை விட்டு வந்த புதியவன். விளையாட்டுச் செய்திகளும் எழுதினேன். அப்போது ஒரு முன்கள ஆட்டக்காரர் இருந்தார். அரையிறுதியில் தண்டனை உதையைத் தவறவிட்டார். ஆட்டத்துக்கு முன் அவர் குடித்திருந்தார் என்று ஒருவர் சொல்ல, நான் இன்னொருவரிடம் கேட்காமல், அவரிடமும் கேட்காமல், பெயருடன் எழுதிவிட்டேன். தலைப்பும் நானே போட்டது. எள்ளலான தலைப்பு, அலுவலகத்தில் பாராட்டினார்கள். அவர் அதன்பிறகு ஆடவில்லை. எந்தக் கழகமும் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் அவரைக் கண்டேன். அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "தம்பி, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார். அவ்வளவுதான். 1995 இடப்பெயர்வில் அவர் வன்னிக்குப் போனதாக அறிந்தேன். அதன்பிறகு தகவல் இல்லை. அவர் குடித்திருந்தாரா, காய்ச்சலா என்பதை நான் இன்றுவரை அறியேன். அறிவதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து எத்தனையோ அதிகாரிகளையும் அமைச்சர்களையும்பற்றி எழுதியிருக்கிறேன். அவர்கள் எவரும் என் எழுத்தால் பதவி இழக்கவில்லை. என் எழுத்துக்குப் பலியானவர் ஒரேயொரு உதைபந்தாட்டக்காரர்தான். ஆகவே "அவன் குடிகாரன், அவனை விடு" என்று தேநீர்க்கடையில் யாராவது சொல்லும்போது நான் நடுநிலையாளன் அல்லன்.

அந்தக் கழகத்துக்கு நான் சொல்ல விரும்புவது என்னவெனில், எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் அந்த மத்தியஸ்தரிடம் போங்கள். அவரும் எங்கள் ஊர் மனிதர்தான். பகலில் வேறு வேலை செய்து, பிள்ளைகுட்டியுடன் இருப்பவர். வெயிலில் விசில் ஊதுவதற்கு அவருக்குக் கிடைப்பது பஸ் காசும் ஒரு சோற்றுப் பொதியும். இந்தக் கதையில் அவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது எனக்கு உறுத்தியது. தடை முடிந்ததென்று லீக் சொல்லலாம். நெஞ்சில் கைவைக்கப்பட்டவர் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கும். அந்த இளைஞன் தன் வாயால் மன்னிப்புக் கேட்கட்டும். செயலாளர் அவனுக்காகக் கேட்டால் அது செல்லாது.

அவனை வந்த உடனேயே இறுதிப்போட்டிக்கு இறக்காதீர்கள். அந்தப் பதினாறு வயதுப் பெடியளுக்குக் கிழமையில் இரண்டு மாலை பந்து பழக்க விடுங்கள். மூத்தவர் பக்கத்தில் நிற்கட்டும். அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தை மைதானத்துக்கே கொண்டுவாருங்கள். குடியை விடுவதற்கு மருத்துவ உதவி தேவைப்படும். உளநல மருத்துவரிடம் போவதென்றால் இன்னும் "மண்டை பிழைச்சிட்டுதோ" என்று கேட்கும் ஊர்கள்தான் நம்முடையவை. முழங்கால் வீங்கினால் மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுகிறோம். இதுவும் ஒரு வீக்கம்தான். யாராவது ஒருவர் அவனோடு கூடப் போகவேண்டும்.

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் நீங்கள் அனுப்பும் பணத்தில் வன்னியெங்கும் நினைவுக் கிண்ணப் போட்டிகள் நடக்கின்றன. ஒளிவெள்ளத்தில் ஆட்டம், வண்ண ஜேர்சிகள், ஆளுயரக் கிண்ணங்கள், நிழற்படம். குறை சொல்லவில்லை, அந்த மைதானங்கள் இல்லாவிட்டால் பல பெடியள் வேறெங்கோ இருந்திருப்பார்கள். ஆனால் வெற்றிப் பணத்தை அன்றிரவே கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணம் அன்றிரவு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அடுத்த முறை கிண்ணத்தின் உயரத்தில் ஓரடியைக் குறைத்து, அந்தக் காசில் பயிற்றுநர் ஒருவருக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுங்கள். ஆட்டம் இல்லாத ஆறு நாளும் பிள்ளைகளைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவராகப் பார்த்துக் கொடுங்கள். அதற்கு நிழற்படம் எடுக்க முடியாதுதான்.

மறுவாய்ப்புக் கொடுத்தும் அவன் மறுபடி தவறினால் என்ன செய்வது என்று கேட்டார் அந்த மூத்தவர். தவறுவான். மக்ராத் தவறினார், கன்ரனா தவறினார். மூன்றாம், நான்காம் முறையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். அதற்கு மனமில்லாவிட்டால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவனுக்குச் செய்யும் மரியாதை. சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர்கள் "வா" என்று கூப்பிட்டுவிட்டுப் பின் கைவிட்டவர்களை ஏற்கெனவே நிறையக் கண்டிருப்பார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் அந்தச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். கழகக் கூட்டம் நடந்ததாம். நான் அன்று வாய் திறக்கவில்லை என்ற மனக்குறையோடுதான் பேசினார். மூத்தவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாராம்: ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு அவன் தனியாக இருக்கக்கூடாது. யார் வைத்திருப்பது என்று கேட்டபோது சபையில் கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லையாம். பிறகு பந்துக்காப்பாளன், தச்சுவேலை செய்யும் பெடியன், தன் வீட்டில் அம்மாவும் தானும்தான், ஒரு பாய் இருக்கிறது என்றானாம். மத்தியஸ்தர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு. மூத்தவரின் மோட்டார் சைக்கிளில், அவரும் அவனுமாக.